வாரில் இரண்டு ஓட்டை

அத்தியாயம் 9

தீயணைப்பு நிலையத்துக் கடிகாரம் மூன்று பத்து காட்டியபோது லோர்னா சிப்போலா நான்காவது முறையாக அதே கேள்வியைக் கேட்டாள்.

"நான்தான் அவனைக் கொன்னுட்டேனா?"

பதில் சொல்ல வேண்டியவர் ஹில்மா ரௌட்டியோ. அவரோ சிமென்ட் தரையில் மல்லாக்கப் படுத்துத் தலையைப் பனிவண்டியின் வயிற்றுக்குள் விட்டிருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பெரிய பூட்ஸ் மட்டும். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி, உயரம் ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. எங்கள் ஊரில் துப்பறிய ஆள் வேண்டுமென்றால் ஹில்மாவிடம்தான் வருவார்கள். வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

நான் லியோன் புரூசோ, அவருடைய உதவியாள். முன்பு கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டினேன். ஒரு நாள் மூஸ் மான் ஒன்று குறுக்கே வந்தது. குதிரையைவிட உயரமான மிருகம் அது. சுடுவதற்கு இங்கே தடை இருக்கிறது, லாரியால் இடிப்பதற்கும் இருக்கிறதாம். விசாரித்த அதிகாரி மானின் பக்கம் சாய்ந்துவிட்டார், நான் ஹில்மாவின் பக்கம் வந்து சேர்ந்தேன்.

அன்று காலையில் நடந்தது இவ்வளவுதான். லோர்னாவின் கணவன் வெண்டல், தன் சிநேகிதன் டுவேன் பெல்கியோடு ஒன்பது மணிக்குக் கிளம்பினான். ஆளுக்கொரு பனிவண்டி: முன்னால் ஸ்கீ என்னும் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் ரப்பர்ப் பட்டை, மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு ஹேண்டில். பதினொன்றரைக்கு டுவேன் மட்டும் திரும்பி வந்தான். ஹெரன் ஏரிக்கு மேலே உள்ள வளைவில் வெண்டலின் வண்டி திரும்பாமல் நேராக ஏரிக்குள் இறங்கியதாகவும், ஓடை வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி உடைந்து ஆள் தண்ணீருக்குள் போய்விட்டதாகவும் சொன்னான். வண்டி மூழ்கவில்லை. உடைந்த விளிம்பில் மூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தது. அதைத்தான் நிலையத்துக்கு இழுத்து வந்திருந்தார்கள்.

டுவேன் சொன்னால் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. எங்கள் மீட்புப் படையின் தலைவனே அவன்தான். பதினாறு பேரைத் திரட்டி ஏரியைத் துழாவியவன் அவன். "போதும், நாளைக்கு முக்குளிக்கிறவங்க வரட்டும்" என்று இரண்டு மணிக்குத் தேடலை நிறுத்தியவனும் அவன்.

அந்த வண்டியின் முன்பக்கத்தை முந்தின நாள் சாயங்காலம் சரிசெய்து கொடுத்தவள் லோர்னா. கவுண்டியிலேயே கெட்டிக்கார மெக்கானிக். கட்டினவனுடைய வண்டியைத் தன் கையால் முடுக்கி, தன் கையாலேயே அவனைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டோமோ என்ற நினைப்பு அவளை நின்ற இடத்திலேயே அரித்துக்கொண்டிருந்தது.

"ஹில்மா, சீக்கிரம் பாருங்க" என்றான் டெபுடி டோலஃப்சன், எங்கள் ஊர்ப் போலீஸ். "அஞ்சு மணிக்குப் பெரிய பனி வருதாம். அதுக்குள்ள நான் ரிப்போர்ட் முடிக்கணும்."

"என்னன்னு எழுதப் போறே?"

"ஸ்டியரிங் கோளாறு. வேற என்ன?"

"எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க சார்," என்றேன். "அது ஒண்ணாவது சரியா இருக்கட்டும்."

டோலஃப்சன் என்னை முறைத்தான். பூட்ஸ் இரண்டும் அசைந்தன.

"லோர்னா, நேத்து என்னென்ன செஞ்சே? ஒண்ணு விடாம சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"குளிர்காலம் பூரா ஒரே புலம்பல். வளைவுல ஹேண்டிலை ஒடிச்சாலும் வண்டி நேராத்தான் போகுதுன்னு. அவன் புலம்பாத ஆள் இந்த ஊர்ல பாக்கி இல்ல. பார்த்தா ஸ்கீக்கு அடியில இருக்கிற கார்பைடு கம்பி மழுங்கிக் கெடந்துது. பனியைக் கடிக்கவே இல்ல. புதுசு போட்டேன். அப்புறம் ரெண்டு ஸ்கீக்கும் முன்பக்கம் கால் அங்குலம் விரிச்சு வெச்சேன். மூக்கு உள்பக்கம் சாஞ்சா வண்டி குடிகாரன் மாதிரி அலையும்."

"அளந்தது எப்படி?"

"அவனை உட்கார வெச்சுத்தான். கோட்டு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கிட்டு, காபி பிளாஸ்க்கை மடியில வெச்சுக்கிட்டு. ஆள் ஏறினா வண்டி அமுங்கும், அளவு மாறும். வெறும் வண்டியில எடுக்கிற அளவு யாருக்கு வேணும்? வெறும் வண்டியா போய்ச் சேரப் போகுது?"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஏரியில் நின்றது வெறும் வண்டிதான்.

ஹில்மா தரையிலிருந்து எழுந்தார். முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புகார் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஸ்டியரிங் ராடு நட்டுல சிவப்பா ஒரு கோடு இருக்கே?"

"என் நெயில் பாலிஷ். முடுக்கின நட்டு ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன். நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைஞ்சிடும்."

"கோடு உடையலை."

டோலஃப்சன் நோட்டைப் பிரித்தான். "அப்படின்னா வேற யாரும் கை வைக்கலை. லோர்னா வெச்சது வெச்சபடியே இருக்கு."

"ஆமா."

லோர்னா பக்கத்திலிருந்த முதலுதவிப் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். எனக்கு ஹில்மாவின் மேல் கோபம் வந்தது. நம்மிடம் உதவி கேட்டு வந்தவளையே முதலில் குழியில் தள்ளுவது அவருக்குப் பழக்கம். மேலே தூக்கிவிடுவார் என்று தெரிந்தாலும், தள்ளும்போது பார்க்கச் சகிக்காது.

"இன்னொண்ணு" என்றார் ஹில்மா. "அடியில ஒரு வார் இருக்கே, ரப்பர்ப் பட்டையோட சட்டத்தை முன்னாடி இழுத்துப் பிடிச்சிருக்கிறது. அதுல ஓட்டை வரிசையா இருக்கு. நீ எத்தனாவது ஓட்டையில போல்ட்டைப் போட்டே?"

"மூணாவதுல."

"இப்ப அஞ்சாவதுல இருக்கு. அங்க நெயில் பாலிஷ் இல்ல."

லோர்னா தலையை நிமிர்த்தினாள். பெட்டியைவிட்டு இறங்கி, முழங்காலில் நகர்ந்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். வெளியே வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"பாரம்" என்றாள். "பாரம் இழுத்திருக்கான்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றேன். "நான் லாரிக்காரன்."

"பின்னாடி பாரம் கட்டினா மூக்கு மேல தூக்கிக்கும். ஸ்கீ பனியை அழுத்தாது, வண்டி திரும்பாது. வாரைச் சுருக்கினா மூக்கு இறங்கும். ஒரு ஓட்டை சுருக்கினா விறகு ஏத்தலாம். ரெண்டு ஓட்டைன்னா அறுநூறு பவுண்டாவது இருக்கும், அதுவும் மேட்டுல."

முன்னாலே இருக்கும் வாரைப் பார்த்துப் பின்னாலே என்ன இருந்தது என்று சொல்கிறாள். எங்கள் தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவள்.

"டோலஃப்சன், டுவேன் பாரம் எதையாவது பத்திச் சொன்னானா?" என்று கேட்டார் ஹில்மா.

"இல்லியே. சும்மா ஒரு சுத்து சுத்தப் போனோம்னாரு."

"லோர்னா, பாரத்தை அவிழ்த்ததும் வாரை என்ன செய்வீங்க?"

"திரும்ப மூணாவதுல போடுவோம். அதுதான் முதல் வேலை. பாரம் இல்லாம அஞ்சுல ஓட்டினா, ஹேண்டிலைத் தொட்டாலே மூக்கைக் குத்திக்கிட்டுத் திரும்பும், ஆளைத் தூக்கி எறிஞ்சிடும். கல்யாணமாகி ஒன்பது வருஷம், வெண்டல் ஒரு தடவைகூட மறந்ததில்ல. சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுற மாதிரி."

"அப்போ பாரத்தை அவிழ்த்தது..."

ஹில்மா முடிக்கவில்லை. கதவு திறந்தது. டுவேன் பெல்கி ஒரு கையில் காபி ஜாடியும் மறு கையில் துணி சுற்றிய ஏலக்காய் ரொட்டியுமாக உள்ளே வந்தான். நல்ல உயரம், நரைத்த மீசை, இடது கன்னத்தில் புதிதாக ஒரு சிராய்ப்பு.

"லோர்னா, ஒரு வாய் சாப்பிடும்மா" என்றான். "காலையிலேருந்து பட்டினி கெடக்கிறே."

லோர்னா ரொட்டியைத் தொடவில்லை. ஹில்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"டுவேன், எனக்காக இன்னொரு தடவை சொல்லேன். வளைவுல என்ன ஆச்சு?"

"எத்தனை தடவை சொல்றது? ஹேண்டிலை முழுசா ஒடிச்சான். வண்டி நேராப் போச்சு. ஸ்கீ பனியைப் பிடிக்கவே இல்ல. அந்த வண்டி எப்பவும் அப்படித்தான், ஊருக்கே தெரியும்."

"எப்பவும் அப்படித்தான்" என்று ஹில்மா மெல்லத் திருப்பிச் சொன்னார். "லியோன், வண்டியை வெளியே எடு. மைதானத்துல ஒரு ஓட்டம் ஓட்டு. கொடிக்கம்பத்துகிட்ட லேசா இடது பக்கம் திருப்பு."

"ஏன் நான்?"

"எனக்கு முழங்கால் வலி."

மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பாதுகாப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு. இந்தக் குளிரில் ஒருவன் வெளியே கிடந்தால் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று யோசித்துக்கொண்டே கொடிக்கம்பத்தை நெருங்கி, ஹேண்டிலை ஒரு விரற்கடை இடது பக்கம் தள்ளினேன்.

வண்டி மூக்கைத் தரையில் குத்திப் பின்பக்கத்தை வீசிச் சுழன்றது. நான் சுழலவில்லை, நேராகப் போனேன். கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றது. பனிக்குவியலில் முகம் புதைந்து, ஒரு வழியாகத் தலையைத் தூக்கினால், வண்டியின் வால் என் மூக்குக்கு எதிரே இருந்தது. பாரம் மாட்டும் கொக்கியைச் சுற்றி, உறைபனியோடு உறைபனியாக, நீளமான முடி நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அடி வெளுப்பு, நுனி கறுப்பு. வளைத்தால் ஒடிந்தது.

அந்த முடியை எனக்குத் தெரியும். ஒரு வாரம் உட்கார்ந்து லாரியின் முகப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியவன் நான்.

"ஹில்மா!" என்று கத்தினேன். "மூஸ்! இழுத்தது மூஸை!"

நான் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். டுவேன் காபி ஜாடியும் கையுமாக வண்டியின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி திரும்பலைன்னு சொன்னே, டுவேன்" என்றார் ஹில்மா. "இது நாய்க்குட்டி மாதிரி வாலைச் சுத்தித் திரும்புது. நீ சொன்னது நேத்து வரைக்கும் இருந்த வியாதி. ஊர் பூரா தெரிஞ்ச வியாதியைச் சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு நெனச்சே. லோர்னா நேத்தே வைத்தியம் பண்ணிட்டா. வெண்டல் இன்னிக்கு மேட்டுக்காக வாரைச் சுருக்கினான். பாரத்தை அவிழ்த்தவன் அதைத் திரும்பப் போடலை. அப்படின்னா அவிழ்த்தது வெண்டல் இல்ல. ஏரிக்கு இதை ஓட்டிட்டுப் போனதும் வெண்டல் இல்ல. உன் கன்னத்துச் சிராய்ப்பு எங்க பட்டது? இது உன்னையும் ஒரு தடவை தூக்கி எறிஞ்சுதா?"

ஜாடி கீழே விழுந்தது. டுவேன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"செத்துட்டான்னு நெனச்சேன்" என்றான்.

"யாரு?" என்று டோலஃப்சன் கேட்டான். புத்தி அவனுக்கு எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

டுவேன் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கக்கினான். விடியற்காலையில் பன்றிமுதுகு மேட்டின் அடிவாரத்தில் ஓர் இளம் மூஸைச் சுட்டிருக்கிறான். மேலே இருக்கும் தன் வேட்டைக்குடிலுக்கு அதைக் கொண்டுபோக அவன் வண்டிக்குத் தெம்பு போதாது. லாரி அடித்துச் செத்தது என்று வெண்டலிடம் சொல்லி உதவிக்குக் கூட்டிப்போனான். மூஸைச் சக்கரமில்லாத இழுவைச் சறுக்குப் பலகையில் ஏற்றி, வெண்டலின் வண்டிக்குப் பின்னால் கட்டி, பாதி மேடு ஏறியாயிற்று. அங்கேதான் வெண்டல் குண்டு துளைத்த இடத்தைப் பார்த்தான்.

"கீழ இறங்கினதும் வனக்காவலர்கிட்ட சொல்லிடுவேன்னான். சரி, முதல்ல குடில்வரைக்கும் சேர்ப்போம்னேன். நான் ஓட்டினேன், அவன் பின்னாலேருந்து தள்ளினான். சறுக்கு சாஞ்சு அவன் மேலேயே புரண்டுடுச்சு. தலை மரத்துல மோதிச்சு. கூப்பிட்டேன், அசையலை. வெளிய சொன்னா மூஸ் விஷயம் வரும், ஜெயில், படைத்தலைவர் பதவி போயிடும்... கொக்கியைக் கழட்டி வண்டியை ஏரிக்கு ஓட்டினேன். நடந்தே திரும்பி வந்து அடிவாரத்துல நின்ன என் வண்டியை எடுத்துக்கிட்டேன்."

"நாடி பார்த்தியா?" என்றார் ஹில்மா.

"பார்த்தேன்."

"கையுறையைக் கழட்டிட்டுப் பார்த்தியா?"

 இந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக்கூட நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் டுவேன். கையுறையைக் கழற்று, விரலைச் சூடாக்கு, அரை நிமிஷம் பொறு என்பான். எனக்கும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

"கழட்டலை" என்றான்.

அவனை ஒரு உதை விட வேண்டும் போல என் கால் துடித்தது. லோர்னா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. மீட்புப் படையின் மூடிய இழுவைச் சறுக்கை நிலையத்திலிருந்து இழுத்து வந்து, வெண்டலின் வண்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். கம்பளி, வெந்நீர்ப் பைகள், எலும்பு முறிவுக்குக் கட்டும் கட்டை எல்லாம் அதற்குள் பறந்தன.

"இந்த வண்டியிலயா?" என்றான் டோலஃப்சன். "லியோனைத் தூக்கி எறிஞ்சுதே!"

"பாரம் இல்லாததால எறிஞ்சுது" என்றாள் லோர்னா. "இப்ப பாரம் இருக்கு. அஞ்சாவது ஓட்டையில வெண்டல் போட்டு வெச்சதுதான் இப்ப எனக்கு வேணும்."

டோலஃப்சன் டுவேனோடு நின்று வானொலியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். டுவேனின் வண்டியை நான் எடுத்துக்கொண்டேன். ஹில்மா பின்னால் ஏறி என் இடுப்பை இறுக்கினார். எனக்கு மூச்சு முட்டியது, இருந்தாலும் வேகத்தைக் கூட்டினேன்.

லோர்னா முன்னால் போனாள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வளைவுக்கு வளைவு ஸ்கீ பனியைக் கடித்து, கோடு போட்டாற்போலத் திரும்பியது. நாலேகாலுக்கு முதல் பனி விழத் தொடங்கியது. பன்றிமுதுகு மேட்டில் ஏறும்போது முன்னால் போகும் சிவப்பு விளக்கு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. இன்னும் அரை மணி கழித்து வந்திருந்தால் தடமே மூடிப்போயிருக்கும்.

பாதி மேட்டில் அவள் நிறுத்தினாள்.

இழுவைச் சறுக்கு கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் மூஸ், கால்களை நீட்டியபடி, பாதி தார்ப்பாய்க்குள். மரத்தடியில் பனியில் ஆள் கிடந்த பள்ளம் இருந்தது, ரத்தமும் இருந்தது. ஆள் இல்லை.

"வெண்டல்!"

அவள் குரல் மரங்களில் பட்டு வெறும் குரலாகவே திரும்பி வந்தது. குடிலை நோக்கி ஓடினாள், தடம் எதுவும் இல்லையென்று திரும்பி ஓடிவந்தாள். ஓநாய்கள் இருக்கும் காடு அது. அந்த நினைப்பை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஹில்மா மட்டும் நகராமல் மூஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லியோன், அந்த மூஸ் எப்ப செத்தது?"

"விடியக்காலையில."

"அப்புறம் ஏன் இன்னும் மூச்சு விடுது?"

பார்த்தேன். மூஸின் வயிற்றோரம், தார்ப்பாயின் விளிம்பிலிருந்து மெல்லிய ஆவி ஒன்று எழுந்தது. நின்றது. மறுபடி எழுந்தது.

லோர்னா தார்ப்பாயைக் கிழிக்காத குறையாக இழுத்தாள். உடைந்த காலோடு ஊர்ந்து வந்து, மூஸின் முன்னங்கால்களுக்கு நடுவே, அந்தப் பெரிய வயிற்றின் கதகதப்பில் முதுகை ஒட்டவைத்துச் சுருண்டிருந்தான் வெண்டல். புருவமும் மீசையும் வெள்ளை, உதடு நீலம். லோர்னா கையுறையைப் பல்லால் கழற்றி எறிந்தாள். விரலை வாயில் வைத்துச் சூடாக்கினாள். அவன் கழுத்தில் வைத்துக் காத்திருந்தாள்.

"இருக்கு" என்றாள். "இருக்கு, ஹில்மா, இருக்கு."

நாங்கள் மூவருமாக அவனைத் தூக்கும்போது வலியில் கண்ணைத் திறந்தான். எங்களையெல்லாம் தாண்டி அவன் பார்வை அவளைத் தேடிப் பிடித்தது.

"லோர்னா..."

"பேசாதே. தெம்பை வீணாக்காதே."

"காலையிலேருந்து... சொல்லணும்னு..." அவன் பற்கள் கிடுகிடுத்தன. "வண்டி நல்லாத் திரும்புச்சு."

லோர்னா அவன் முகத்தின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனைக் கம்பளியில் சுற்றிச் சறுக்கில் கிடத்தி வாரால் கட்டி, வண்டியில் ஏறினாள். நிலையத்தில் நான்கு முறை கேட்ட அந்தக் கேள்வியை அன்று முழுவதும் அவள் மறுபடி கேட்கவில்லை.